பொதுப் பாதுகாப்புப் பணிக்குப் பழைய கைரேடியோக்கள்: வாங்குமுன் எதைப் பார்ப்பது, யார் புரோகிராம் செய்வது?

மலையடிவாரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் ஒரு சிறிய தன்னார்வத் தீயணைப்புப் படையின் தகவல்தொடர்புப் பொறுப்பு அண்மையில் என் கைக்கு வந்திருக்கிறது. எங்களிடம் இருப்பவை வி.எச்.எஃப். (மிக உயர் அதிர்வெண் பட்டை) அனலாக் கைரேடியோக்கள். அவற்றில் பல, புதிய பேட்டரி போட்டாலும் நீண்ட நேரம் தாங்குவதில்லை. சிலவற்றில் பேசும் பொத்தானை இரண்டு மூன்று முறை அழுத்தினால்தான் வேலை செய்கிறது. கவுண்டியின் (மாவட்ட நிர்வாகத்தின்) கட்டுப்பாட்டறை 700/800 மெகாஹெர்ட்ஸ் பி25 ட்ரங்கிங் அமைப்புக்கு மாறிவிட்டது; பி25 என்பது பொதுப் பாதுகாப்புத் துறைகளுக்கான டிஜிட்டல் ரேடியோத் தரம், ட்ரங்கிங் என்பது சில சேனல்களைப் பல குழுக்களுக்குத் தேவைக்கேற்பத் தானாகப் பகிர்ந்தளிக்கும் முறை. எங்களைப் போன்ற படைகளுக்காகப் பழைய வி.எச்.எஃப். ரிப்பீட்டரையும் (பேச்சை வாங்கி வலுவாக மறு ஒலிபரப்பும் நிலையம்) இன்னும் இயக்கி வருகிறார்கள், அது எவ்வளவு காலத்துக்கு என்று யாரும் உறுதியாகச் சொல்வதில்லை.

புதிய ரேடியோக்கள் வாங்க நிதி இல்லை. இணைய ஏலத் தளம் ஒன்றில், வேறொரு காவல்துறை கழித்துவிட்ட மோட்டோரோலா எக்ஸ்.டி.எஸ். 5000, எக்ஸ்.டி.எஸ். 2500 வகைக் கைரேடியோக்கள் மொத்தமாக விலைக்கு வந்திருக்கின்றன. "புரோகிராம் செய்தே தருகிறேன், பெட்டியைத் திறந்தவுடன் பேசலாம்" என்கிறார் விற்பவர். எங்கள் உறுப்பினர் ஒருவரோ, மென்பொருளை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டு ஒரு கேபிள் வாங்கினால் நாமே செய்துகொள்ளலாம் என்றும், கவுண்டி அமைப்பின் டாக்குரூப்களையும் (ஒன்றாகப் பேசும் குழுக்கள்) சேர்த்துவிட்டால் பேசாவிட்டாலும் கேட்டுக்கொண்டாவது இருக்கலாம் என்றும் சொல்கிறார்.

இந்த வகை ரேடியோக்களை இன்றைக்கு வாங்குவது அறிவுடைமையா? வாங்கினால் ஒவ்வொன்றிலும் எதைச் சோதிக்க வேண்டும்? புரோகிராம் செய்யும் வேலையை நாங்களே செய்துகொள்வதில் என்ன தடை இருக்கிறது? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

சேவைமேசை எழுதியது:

விற்பனை விளம்பரத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் உங்கள் படையின் எஃப்.சி.சி. (அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம்) உரிமத்தை எடுத்துப் பாருங்கள். எந்தெந்த அதிர்வெண்களில், எத்தனை கைரேடியோக்கள், எந்த வகை உமிழ்வில் (ஒலிபரப்பும் அலையின் வகையில்) பேசலாம் என்பது அதில் குறிக்கப்பட்டிருக்கும். 11கே2எஃப்3இ என்று இருந்தால் அது குறும்பட்டை அனலாக் குரல். 8கே10எஃப்1இ என்று இருந்தால் பி25 டிஜிட்டல் குரல். இரண்டாவது குறியீடு உரிமத்தில் இல்லாத நிலையில் டிஜிட்டல் முறையில் பேசினால், ரேடியோ எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் நீங்கள் உரிமத்துக்கு வெளியே பேசுகிறீர்கள் என்றுதான் பொருள். உரிமத்தையும் கவுண்டியின் சேனல் பட்டியலையும் கையில் வைத்துக்கொண்டு, அவற்றுக்குப் பொருந்தும் ரேடியோவைத் தேடுங்கள். பலரும் ரேடியோவை வாங்கிவிட்டு அதற்கேற்ற சேனலைத் தேடி அலைகிறார்கள்.

நீங்கள் குறிப்பிடும் இரண்டு வகைகளும் உழைப்பாளிகள்தாம். ஆனால் ஒவ்வொன்றும் ஒரே ஒரு பட்டைக்காகச் செய்யப்பட்டது. வி.எச்.எஃப். ரேடியோ 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை; யு.எச்.எஃப். ரேடியோக்களில் 380 முதல் 470 வரை ஒரு பிரிவு, 450 முதல் 520 வரை இன்னொரு பிரிவு. 700/800 ரேடியோ 764 முதல் 870 வரை. வி.எச்.எஃப். ரேடியோவை எந்த மென்பொருளாலும் 800 ரேடியோவாக மாற்ற முடியாது. மாதிரி எண்ணின் நான்காவது எழுத்து பட்டையைச் சொல்லிவிடும்: கே என்றால் வி.எச்.எஃப்., க்யூ, எஸ் ஆகியவை யு.எச்.எஃப். பிரிவுகள், யூ என்றால் 700/800.

ஆயினும் முதுகில் ஒட்டியிருக்கும் வில்லையை மட்டும் நம்ப வேண்டாம். பழைய ரேடியோ வணிகத்தில் கூடு மாற்றுவது மிகச் சாதாரணம். உள்ளே ஒரு பலகையும் வெளியே வேறொன்றின் வில்லையுமாக வருவதுண்டு. திரையுள்ள ரேடியோவாக இருந்தால், அதை இயக்கி, தொடக்கச் சோதனை முடிந்த பத்து நொடிக்குள், பேசும் பொத்தானுக்கு அருகில் உள்ள இரண்டாவது பக்கப் பொத்தானை ஐந்து முறை விடாமல் அழுத்துங்கள். மென்பொருள் பதிப்பு, மாதிரி எண், வரிசை எண், ஃப்ளாஷ்கோடு, பட்டை ஆகியவை ஒவ்வொன்றாகத் திரையில் ஓடும். அந்தத் திரைகளைப் படமெடுத்து அனுப்பும்படி விற்பவரிடம் கேளுங்கள். அந்தச் சோதனை நிலையில் இருக்கும்போது பேசும் பொத்தானைத் தொட வேண்டாம் என்றும் சேர்த்தே சொல்லுங்கள். ரேடியோ அப்போது சோதனை அதிர்வெண்ணில் ஒலிபரப்பும். அந்த அதிர்வெண் யாருடையதாகவும் இருக்கலாம்.

ஃப்ளாஷ்கோடு என்னும் அந்த எழுத்து-எண் வரிசைதான் பழைய ரேடியோவின் உண்மையான மதிப்பு. டிஜிட்டல் குரல், ட்ரங்கிங், குறியாக்கம் (பிறர் கேட்காதபடி பேச்சை மறைத்தல்) முதலான வசதிகளில் எவை அந்த ஒரு ரேடியோவுக்குப் பணம் கட்டித் திறக்கப்பட்டன என்பதை அது சொல்லும். வெளித்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகளாக இருக்கும் இரண்டு ரேடியோக்களில் ஒன்று பி25 ட்ரங்கிங் பேசும், மற்றொன்று வெறும் அனலாக்கோடு நின்றுவிடும். இந்த வரிசைகளின் உற்பத்தி நின்று நெடுநாளாகிவிட்டதால், இல்லாத வசதியைப் பிறகு முறையாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடக் கூடாது.

அடுத்து, "புரோகிராம் செய்தே தருகிறேன்" என்னும் வாக்குறுதி. உங்கள் சேனல் பட்டியலையும் அதைப் பயன்படுத்த உங்களுக்கு அனுமதி உண்டா என்பதையும் கேட்காத ஒருவர் எதைப் புரோகிராம் செய்து தருவார்? பெரும்பாலும் முந்தைய துறையின் சேனல்கள் அப்படியே உள்ளே இருக்கும். பெட்டியைத் திறந்து ஆசைக்கு ஒரு முறை அழுத்தினால், நீங்கள் இன்னொரு துறையின் அதிர்வெண்ணில் உரிமமின்றிப் பேசியவராகிவிடுவீர்கள்.

மென்பொருளைப் பொறுத்தவரை, அது உரிமத்தின் பேரில் தரப்படுவது, எக்ஸ்.டி.எஸ். வரிசைக்கு ஒன்று, அதற்குப் பின் வந்த ஏ.பி.எக்ஸ். வரிசைக்கு வேறொன்று. இணையத்தில் கிடைக்கும் நகல்கள் திருட்டு நகல்கள் என்பதோடு, கூடவே என்ன வருகிறது என்பதும் தெரியாது. ஒரு தீயணைப்பு நிலையத்தின் கணினியில் அதை ஏற்றுவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். பதிப்புச் சிக்கலும் உண்டு: புதிய பதிப்பால் எழுதப்பட்ட ரேடியோவைப் பழைய பதிப்பால் படிக்கவே முடியாமல் போகலாம். எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிள் ஆடினாலோ பேட்டரி இறங்கினாலோ ரேடியோ செயலற்றுப்போகவும் கூடும். உங்கள் வட்டாரத்தில் அங்கீகாரம் பெற்ற ரேடியோப் பட்டறை ஒன்று நிச்சயம் இருக்கும். கோட்பிளக் என்று நாங்கள் சொல்லும் அமைவுக் கோப்பை ஒரு முறை நன்றாக வடிவமைத்துக்கொண்டால், ஒரே வகை ரேடியோக்கள் அனைத்துக்கும் அதைப் பயன்படுத்தலாம். அங்கே போனால் ரேடியோவை அளக்கும் சேவைக் கருவியில் சோதனையும் செய்துவிடுவார்கள், அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சோதனை ஏன் என்று கேட்பீர்கள். படிகம் முதுமையடையும்போது அதிர்வெண் நகரும். 155 மெகாஹெர்ட்ஸில் பத்து லட்சத்தில் 2.5 பங்கு விலகல் என்பது ஏறத்தாழ 390 ஹெர்ட்ஸ். இது காதுக்குத் தெரியாது. ஆனால் அதற்கு மேல் போகப் போக, டிஜிட்டல் குரல் எல்லைப் பகுதிகளில் சிதறத் தொடங்கும், ஆன்டெனாவைக் குறை சொல்லிக்கொண்டு காலத்தைக் கழிப்பீர்கள். அதிர்வெண் விலகல், ஒலிபரப்புத் திறன், பண்பேற்ற அளவு (குரல் அலையின் அதிர்வெண்ணை நகர்த்தும் அளவு), ஏற்பியின் உணர்திறன் ஆகிய நான்கையும் ஒவ்வொரு ரேடியோவுக்கும் அளந்து எழுதி வாங்குங்கள். குறும்பட்டை அனலாக்கில் பண்பேற்றத்தின் உச்சம் 2.5 கிலோஹெர்ட்ஸ். 2013 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் 150–174, 421–470 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில் 25 கிலோஹெர்ட்ஸ் அகலம் செல்லாது என்பதால், பழைய கோட்பிளக்கில் அகலப்பட்டை என்று விடப்பட்ட சேனல் ஒன்றுகூட உங்கள் ரேடியோவில் எஞ்சியிருக்கக் கூடாது.

---

அலைக்காவல் எழுதியது:

ட்ரங்கிங் அமைப்பு ஒன்றை நிர்வகிக்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில், உங்கள் உறுப்பினர் சொல்லும் "கேட்டுக்கொண்டாவது இருக்கலாம்" என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சாதாரண ரிப்பீட்டரில் கேட்பவர் எவர் என்று யாருக்கும் தெரியாது. ட்ரங்கிங் அப்படியன்று. ரேடியோவை இயக்கிய உடனேயே அது கட்டுப்பாட்டுச் சேனலை (அமைப்பு ரேடியோக்களுக்கு வழிகாட்டும் சேனல்) தேடிப் பிடித்து, தன் அடையாள எண்ணைச் சொல்லிப் பதிவு கேட்கும். எந்த டாக்குரூப்பில் இருக்கிறது என்பதையும் தெரிவிக்கும். நீங்கள் பேசும் பொத்தானைத் தொடாவிட்டாலும் உங்கள் ரேடியோ ஒலிபரப்பிவிட்டது. அந்த எண் எங்கள் பட்டியலில் இல்லையென்றால் பதிவு மறுக்கப்படும், எங்கள் திரையில் தெரியும். யாரோ ஒருவருடைய எண்ணை ஊகித்துப் போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒரே எண்ணுடைய இரண்டு ரேடியோக்களில் ஒன்று ஒரு கோபுரத்திலும் மற்றொன்று வேறொரு கோபுரத்திலும் பதிவு செய்யும்போது, ஆள் இடம் மாறிவிட்டார் என்றே அமைப்பு கருதும். பழைய கோபுரத்தின் கீழ் இருக்கும் உண்மையான உரிமையாளருக்கு அழைப்பு போகாமல் நிற்கலாம். அந்த உரிமையாளர் அப்போது ஒரு வீட்டுக்குள் ஆயுதம் ஏந்திய ஒருவருடன் இருக்கும் காவலராகவும் இருக்கக்கூடும்.

எக்ஸ்.டி.எஸ். ரேடியோக்களை நாங்கள் ஏற்கத் தயங்குவதற்கு இன்னொரு காரணம் உண்டு. அது வெளியில் அதிகம் பேசப்படுவதில்லை. பி25-இன் இரண்டாம் கட்டத்தில் 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனல் ஒன்றில் நேரத்தைப் பகிர்ந்து இரண்டு உரையாடல்கள் ஓடும். எக்ஸ்.டி.எஸ். வரிசைக்கு முதல் கட்டம் மட்டுமே தெரியும். கட்டுப்பாட்டுச் சேனல் இன்னும் முதல் கட்ட முறையிலேயே இருப்பதால் அது அழகாகப் பதிவாகிவிடும். ஆனால் இரண்டாம் கட்டத்தில் மட்டும் ஓடும் டாக்குரூப்பின் குரல் அதற்குக் கேட்காது. இரண்டு முறைகளுக்கும் இடையில் மாறிக்கொள்ளும் வகையில் அமைக்கப்பட்ட அமைப்புகளில், ஒரே ஒரு பழைய ரேடியோ ஒரு டாக்குரூப்பில் நுழைந்தாலும், அதற்காக அந்தக் குழு முழுவதும் முதல் கட்டத்துக்கு இறங்கும். ஒரு சேனல் முழுவதையும் ஓர் உரையாடலே பிடித்துக்கொள்ளும். பெரிய விபத்து நாளில் சேனல் பற்றாக்குறை வரும்போது, எங்கோ ஒரு மேசையில் இயங்கிக்கொண்டிருக்கும் அந்த ஒரு பழைய ரேடியோவைத்தான் நாங்கள் தேடுவோம்.

இவற்றையெல்லாம் தடுக்கத்தான் சிஸ்டம் கீ இருக்கிறது. எங்கள் அமைப்பின் விவரங்களை ரேடியோவில் எழுதுவதற்கு அந்தச் சாவி வேண்டும். இப்போது பெரும்பாலும் கணினியில் செருகும் வன்பொருளாகத் தருகிறோம், இன்னின்ன எண் வரம்புக்குள், இன்ன தேதி வரை என்று கட்டுப்படுத்தி. சாவியை ஏமாற்றி எழுதும் வழிகளைப் பற்றி யாரேனும் சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். உங்கள் படையின் பெயர் ஒரு முறை கெட்டுவிட்டால், பின்னர் நியாயமான கோரிக்கை வைக்கும்போதும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

குறியாக்கம் இருக்கிறது என்று விளம்பரத்தில் பெருமையாகப் போட்டிருப்பார்கள். ஏ.இ.எஸ். 256 என்னும் குறியாக்க முறை வேண்டுமானால் எக்ஸ்.டி.எஸ். வரிசையில் அதற்கென்ற வன்பொருள் உள்ளே இருக்க வேண்டும். இருந்தாலும் குறியாக்கச் சாவிகளை நாங்கள் ஏற்றினால்தான் அது பயன்படும். முந்தைய துறையின் சாவிகளோ சேனல்களோ இன்னும் உள்ளே இருக்கும் ரேடியோ சந்தைக்கு வந்திருப்பதே ஒரு எச்சரிக்கை. வரிசை எண்களை வாங்கி, அந்தத் துறையையே தொடர்புகொண்டு, இவை முறையாகக் கழிக்கப்பட்டவையா, தொலைந்ததாகப் புகார் உள்ளவையா என்று கேட்டுவிடுங்கள்.

கவுண்டி அமைப்பைக் கேட்க மட்டுமே விருப்பமென்றால், பி25 ட்ரங்கிங் புரியும் ஸ்கேனர் ஒன்றை நிலையத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது ஒலிபரப்பாது. பேசவும் வேண்டுமென்றால், அமைப்பின் மேலாளருக்கு உங்கள் படைத்தலைவரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் எழுதி, எந்த மாதிரிகளை ஏற்கிறீர்கள் என்று கேளுங்கள். பெரிய துறைகள் ஏ.பி.எக்ஸ். ரேடியோக்களை மாற்றும் காலம் இது. அவர்கள் கழிப்பவை ஏற்கனவே அதே அமைப்பில் ஓடிய ரேடியோக்கள். உள்ளூரிலேயே கைமாறினால் எண், சாவி, மாதிரி எதிலும் வாதம் இருக்காது. ஏலத் தளத்தைவிட அந்தக் கதவை முதலில் தட்டுவது நல்லது.

---

நீர்க்குழாய் எழுதியது:

மேலே இருவரும் சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனால் தீயணைப்பு வீரனாக எனக்கு ட்ரங்கிங் இரண்டாவது கவலைதான். எரியும் கட்டடத்துக்குள் இருப்பவனுக்கு வாசலில் நிற்கும் தளபதியோடு பேச்சு வேண்டும். அதற்குக் கோபுரமும் வேண்டாம், கட்டுப்பாட்டுச் சேனலும் வேண்டாம். ரிப்பீட்டர் இல்லாமல் ரேடியோவிலிருந்து ரேடியோவுக்கு நேராகப் போகும் அனலாக் சேனல், அடித்தளத்திலும் கற்சுவருக்குப் பின்னாலும் நம்பகமாகப் பேசுகிறது என்பதே என் அனுபவம். குரலை எண்களாக மாற்றும் டிஜிட்டல் குரல்குறியாக்கி மனிதக் குரலுக்காகச் செய்யப்பட்டது. மூச்சுக்கருவியின் காற்றுக் குறைவு மணி, சங்கிலி ரம்பம் போன்ற இரைச்சல் ஒலிவாங்கிக்குள் சேர்ந்துவிட்டால் சொல் குழம்பும். பன்னாட்டுத் தீயணைப்புத் தலைவர்கள் சங்கம் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட இடைக்கால அறிக்கை இந்தச் சிக்கலையே ஆராய்ந்தது. ஆகவே வி.எச்.எஃப். எக்ஸ்.டி.எஸ். ரேடியோ உங்கள் களத்துக்கு இன்னும் பொருத்தமானதே என்பது என் கருத்து.

ஆனால் புரோகிராம் செய்யும்போது களத்தில் இருப்பவனின் கையுறையை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா ரேடியோக்களிலும் 16 நிலைக் குமிழின் ஒவ்வொரு நிலையும் ஒரே சேனலாக இருக்க வேண்டும். ஒருவருக்கு நான்காம் நிலையில் இருப்பது மற்றவருக்கு ஏழில் இருந்தால், புகைக்குள் அதைத் தேட முடியாது. களச் சேனல்களில், பல சேனல்களை மாறி மாறிக் கேட்கும் ஸ்கேன் வசதியை அணைத்துவிடுங்கள். வேறெங்கோ நடக்கும் பேச்சில் ரேடியோ நின்றிருக்கும் அந்த நொடியில்தான் உதவிக்குரல் வரும். பொத்தான் சிக்கிக்கொண்டால் சேனல் அடைபடாமல் இருக்க, ஒலிபரப்புக் கால வரம்பு வையுங்கள். ஆரஞ்சு நிற அவசரப் பொத்தானைப் பற்றி ஒரு முடிவெடுங்கள்: அதை அழுத்தினால் எங்கே போகும், யார் பார்ப்பார்கள் என்பதற்கு விடை இல்லையென்றால், அதை முடக்கிவிட்டு எல்லோரிடமும் சொல்லிவிடுவதே நேர்மை. கேட்பாரற்ற பொத்தானை நம்பி ஒருவன் காத்திருக்கக் கூடாது.

அண்டைப் படைகளோடு பேசும் தேசியப் பொதுச் சேனல்களையும் சேர்த்துவிடுங்கள். 155.7525 மெகாஹெர்ட்ஸ் அழைப்புச் சேனல் வி-கால்10, 154.2800 தீயணைப்புச் சேனல் வி-ஃபயர்21, இரண்டுக்கும் 156.7 ஹெர்ட்ஸ் டோன் (பேச்சோடு சேர்ந்து போகும் அடையாள ஒலி). பெயர்களை அப்படியே இடுங்கள், உங்கள் வசதிக்குச் செல்லப்பெயர் வைக்காதீர்கள். வெளியூரிலிருந்து வந்தவர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அழைப்பார். இந்தப் பட்டியல் நிஃபாக் என்னும் தேசியக் கையேட்டில் இலவசமாகக் கிடைக்கிறது.

தீப்பற்றும் வாயு உள்ள இடங்களுக்குப் போகும் படையென்றால், ரேடியோவும் பேட்டரியும் இரண்டுமே உள்ளியல் பாதுகாப்புச் சான்று (வாயுவைப் பற்றவைக்கும் தீப்பொறி எழாது என்னும் சான்று) பெற்றவையாக இருக்க வேண்டும். மலிவான மாற்றுப் பேட்டரியைச் செருகியவுடன் அந்தச் சான்று போய்விடும். அங்கீகாரமற்ற ஒருவர் திறந்து மூடிய ரேடியோவுக்கும் அதுதான் கதி. கூடு மாற்றிய ரேடியோக்களைப் பற்றிச் சேவைமேசை சொன்னதை இந்தக் கோணத்திலும் பாருங்கள். நீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையமும் அப்படித் திறக்கும்போதுதான் கெடுகிறது.

---

மலையடிவாரம் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. அமைப்பின் மேலாளரைத் தொடர்புகொண்டேன். இரண்டாம் கட்டம் பேசாத ரேடியோக்களை ஏற்பதில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆனால் கவுண்டித் துறை ஒன்று அடுத்த கட்டமாகக் கழிக்கவிருக்கும் ஏ.பி.எக்ஸ். ரேடியோக்களில் சிலவற்றை எங்களுக்கு ஒதுக்க முடியுமா என்று பார்ப்பதாகவும் கூறியிருக்கிறார். ஏலத்தில் உள்ளவற்றின் திரைப் படங்களை விற்பவர் அனுப்பினார். பாதிக்கும் மேற்பட்டவற்றில் நான்காவது எழுத்து யூ, மற்றவை கே. இரண்டில் வில்லையும் திரையும் ஒத்துப்போகவில்லை. சில ரேடியோக்களுக்குத் திரையே இல்லை. கே வகையை மட்டும் பிரித்துத் தர அவர் இசைகிறார். எங்கள் உரிமத்தில் அனலாக் மட்டுமே இருக்கிறது. வாங்கலாமா?

---

சேவைமேசை எழுதியது:

வில்லையும் திரையும் ஒத்துப்போகாத இரண்டையும் விட்டுவிடுங்கள். திரையில்லாதவை முதல் மாதிரி எனப்படுபவை; குமிழைத் திருப்பிப் பேசும் எளிய பணிக்கு அவை போதும், கையுறைக்கும் நல்லவை. ஆனால் மென்பொருள் கொண்டு படித்தால்தான் உள்ளே இருப்பது தெரியும் என்பதால், பட்டறையில் சோதித்துத் தேறாதவற்றைத் திருப்பி எடுத்துக்கொள்வதாக எழுதித் தந்தால் மட்டும் அவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அனலாக் மட்டுமே தேவைப்படுவதால் ஃப்ளாஷ்கோடில் ட்ரங்கிங், குறியாக்கம் இல்லாத ரேடியோக்களையே கேளுங்கள். விலை குறையும், உங்களுக்கு இழப்பு ஏதும் இல்லை.

உரிமத்தில் கைரேடியோக்களின் எண்ணிக்கை எவ்வளவு என்று போட்டிருக்கிறது என்பதையும் வாங்குவதற்கு முன் ஒத்துப்பாருங்கள். ஆன்டெனாக்களைத் தனியாகப் பார்க்கவும்: பட்டை எதுவானாலும் அடித்திருகு ஒன்றாகவே இருப்பதால், 800-க்கான குட்டை ஆன்டெனாவை வி.எச்.எஃப். ரேடியோவில் மாட்டி அனுப்புவார்கள். அதோடு பேசினால் தூரமும் போகும், ஒலிபரப்புப் பகுதியும் வீணாகச் சுடும். பேட்டரிகளைப் பழையதாக வாங்கவே வேண்டாம், சான்றுள்ள புதியவற்றை மட்டும் வாங்குங்கள்.

பட்டறைக்கு எடுத்துச் செல்லும்போது உரிமத்தின் நகலையும், ரிப்பீட்டரைப் பயன்படுத்தக் கவுண்டி தந்த எழுத்துப்பூர்வ அனுமதியையும், நீர்க்குழாய் சொன்ன வரிசையில் 16 சேனல்களின் பட்டியலையும் கொடுங்கள். பழைய கோட்பிளக்கைப் படித்துச் சேமித்த பின், அதைத் திருத்தாமல், வெற்றுக் கோப்பிலிருந்தே புதிதாக எழுதச் சொல்லுங்கள். முந்தைய துறையின் சேனல் ஒன்று எங்காவது மறைந்து கிடந்து, ஒரு நாள் யாரோ குமிழைத் தவறாகத் திருப்பும்போது அது வெளியே வரக் கூடாது. எழுதி முடித்த கோப்பின் நகலும், ஒவ்வொரு ரேடியோவின் வரிசை எண்ணுக்கு எதிரே அளவீட்டுத் தாளும் உங்கள் நிலையத்தில் இருக்க வேண்டும். பட்டறை மூடிப் போனாலும், நீங்கள் பொறுப்பு மாறினாலும், அடுத்து வருபவர் அந்தக் கோப்பைக் கொண்டு வேலையைத் தொடரலாம்.